‘என் கணவர் ரொம்ப சைக்கலாஜிக்கல்’: வியட்நாம் மாணவர்களும் ஆங்கிலக் குணச்சொற்களும்

சைகோன்_டீச்சர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹோ சி மின் நகரத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். மாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஓட்டல் வரவேற்பில் நிற்கிற பையன், மருந்துக்கடைப் பெண், இரண்டு நர்சுகள், ஒரு கணக்கர் என்று மொத்தம் பதினான்கு பேர். இந்த மாதப் பாடம் மனிதர்களின் குணம், சிந்தனை, வளர்ச்சி. புத்தகத்தில் அறுபது சொல் கொண்ட ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வியட்நாமியப் பொருள். இரண்டே நாளில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பொருத்துக என்று கேட்டால் அறுபதுக்கு அறுபது.

அப்புறம்தான் ஒரு பத்தி எழுதச் சொன்னேன்.

மருந்துக்கடைப் பெண்: “மை ஹஸ்பண்ட் இஸ் வெரி சைக்கலாஜிக்கல்.” படித்ததும் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று பயந்து, வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அவருக்கு ஒரே வெட்கம். கணவரைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். ‘தம் லீ’ என்றால் அகராதியில் உளவியல். ஆனால் பேச்சில், மனைவி வாய் திறந்து கேட்பதற்கு முன்பே மனசறிந்து நடக்கிற கணவனைத்தான் ‘தம் லீ’யான ஆள் என்பார்கள்.

கணக்கர்: “ஐ ஃபெய்ல்ட் பிகாஸ் ஐ வாஸ் சப்ஜெக்டிவ்.” ‘சூ க்வான்’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் அகவயம், அதாவது தன் பார்வையை மட்டும் வைத்துப் பார்ப்பது. ஆனால் இங்கே அம்மாக்கள் பரீட்சைக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் ‘சூ க்வானாக இருக்காதே’ என்றால், ‘எல்லாம் தெரியும் என்று அசட்டையாக இருந்துவிடாதே’ என்று பொருள்.

ஓட்டல் பையன் எழுதியதுதான் உச்சம். பூங்காவில் குப்பை போடுகிறவர்கள் எல்லாரும் அன்கான்ஷியஸ். நினைவு தப்பி விழுந்து கிடப்பவன் எப்படிக் குப்பை போடுவான்? ‘வோ ஈ துக்’: பிறரைப் பற்றிய எண்ணமே இல்லாதவன், பொது இடத்தில் நடந்துகொள்ளத் தெரியாதவன். அகராதியைப் பார்த்தால் ‘நனவற்ற’ என்று இருக்கிறது. அதுவும் சரிதான்!

பட்டியலில் தப்பு இல்லை, அகராதியிலும் தப்பு இல்லை, மாணவர் மேலும் தப்பு இல்லை. ஆனால் வாக்கியம் மட்டும் தப்பு. இதை எப்படிச் சொல்லித்தருவீர்கள்?

நெல்லை_வாத்தியார் எழுதியது:

டீச்சரம்மா, முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் பிள்ளைகள் ‘மை ஃபாதர் இஸ் ஹேவிங் மச் பேஷன்ஸ்’ என்று எழுதுவார்கள். திருத்திப் பத்துத் தடவை எழுதச் சொன்னால் சரியாகிவிடும். பட்டியலைக் குறை சொல்லாதீர்கள். சொல் கையில் இல்லாதவன் வாக்கியத்தை எங்கே கொண்டு போவான்? முதலில் அறுபது சொல், பிறகு நயம்.

இன்னொன்று. அவர்களுக்குப் பரீட்சை உண்டா? பரீட்சைக்குப் பட்டியல்தான் காக்கும்.

சைகோன்_டீச்சர் எழுதியது:

ஐயா, என் வகுப்பில் யாருக்கும் பள்ளிப் பரீட்சை இல்லை. அதைத் தாண்டி வந்தவர்கள். இங்கே 2018-இல் வந்த பாடத்திட்டப்படி 3-ஆம் வகுப்பிலிருந்தே அந்நிய மொழி கட்டாயம். பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம் முழுக்க வட்டத்தைக் கருப்பாக்குகிற வேலை. 2025 முதல் அது விருப்பப் பாடமாகிவிட்டது. 40 கேள்வி, 50 நிமிடம். அதில் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுத வேண்டாம், வாய் திறந்து பேசவும் வேண்டாம். அந்த வழியாக வந்தவர்களுக்கு இப்போது வேலை நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பத்துத் தடவை எழுதினால் ‘சைக்கலாஜிக்கல்’ போய்விடும், ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் என்ன வரும்? ‘கைண்ட்’ வரும். எல்லாருமே ‘கைண்ட்’, எல்லாருமே ‘ஃப்ரெண்ட்லி’. அதுதான் என் கவலை.

குற்றியலுகரம் எழுதியது:

மொழியியல் படித்தவன், வியட்நாமியம் மூன்று வருடமாகத் தட்டுத்தடுமாறிக் கற்கிறேன். உள்ளே வரலாமா?

டீச்சர் காட்டிய மூன்று தவறும் ஒரே குடும்பம். மூன்றுமே சீனத்திலிருந்து வந்த சொற்கள். வியட்நாமியத்தின் அறிவுத்துறைச் சொற்களில் மிகப் பெரும் பகுதி அப்படி வந்தவைதான், நம்மிடம் வடமொழிச் சொற்கள் இருப்பதுபோல. புத்தகத்தில் அவை சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் கைலி கட்டிக்கொள்ளும். அகராதி சட்டை போட்ட பொருளை மட்டும் தருகிறது.

நம்மிடமும் இது உண்டு. ‘சாது’ என்ற சொல்லை எடுங்கள். மூலத்தில் நல்லவர், துறவி. இப்போது ‘பையன் சாது’ என்றால் வம்புதும்புக்குப் போகமாட்டான், அவ்வளவுதான். வியட்நாமியத்தின் ‘ஹியென்’ கிட்டத்தட்ட இதே பாதையில் வந்திருக்கிறது. சீனத்தில் அது சான்றோன், மேலோன். இன்று மாப்பிள்ளை ‘ஹியென்’ என்றால் நம் சாதுவேதான். ஆங்கிலத்தில் இதற்கு என்ன போடுவீர்கள்? ஜென்டில் என்றால் கை மென்மையாக இருப்பதுபோல. மீக் என்றால் முதுகெலும்பு இல்லாதவன். ஹார்ம்லெஸ் என்றால் பாம்பைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது.

இன்னும் ஒன்று: ‘து ஆய்’. எழுத்துக்கு எழுத்து ‘தன்னை நேசித்தல்’. பொருளோ, சட்டென்று மனம் புண்பட்டு முறுக்கிக்கொள்வது. நம்ம ‘ரோஷம்’ இருக்கிறதே, ஏறக்குறைய அது. ஆங்கிலத்தில் ‘செல்ஃப் லவ்’ என்று எழுதினால் குளித்து மெழுகுவத்தி ஏற்றி ஓய்வெடுப்பது என்று நினைப்பார்கள்.

அந்த ‘து’வை உச்சரிக்கும்போது உதட்டைக் குவிக்கவேண்டாம். ‘அது’ என்பதன் கடைசியில் நாம் சொல்கிற அதே உகரம். என் பெயருக்கு அங்கே ஒரு மரியாதை கிடைத்ததில் மகிழ்ச்சி.

முந்திரிக்கொட்டை எழுதியது:

டீச்சர், இப்போதுதான் எனக்கு ஒரு பழைய கணக்குத் தீர்ந்தது.

நான் முந்திரி வியாபாரம். வருடத்துக்கு இரண்டு தடவை பின் ஃபுவோக் பக்கம் போவேன். வியட்நாமில் முந்திரிக்குப் பேர்போன மாகாணம் அது. 2025-இல் மாகாணங்களை இணைத்தபோது டோங் நாயோடு சேர்த்துவிட்டார்கள். சில வருடம் முன்பு 320 ரகப் பருப்பு ஒரு லோடு வந்தது. ஈரம் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, போயிருந்தது. காட்டமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் வந்தது: “வீ ஆர் வெரி சப்ஜெக்டிவ் இன் திஸ் ஷிப்மென்ட்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் இஷ்டத்துக்குத்தான் தரம் பார்ப்போம் என்று எழுத்திலேயே சொல்கிறானே என்று அடுத்த ஆர்டரை நிறுத்திவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது, அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். ‘அசட்டையாக இருந்துவிட்டோம்’ என்று.

எட்டு மாதம் கழித்து வேறு ஆள் மூலமாகச் சமாதானமானோம் என்பது தனிக் கதை. நஷ்டம் எனக்கும்தான்.

ஸ்கார்பரோ_அக்கா எழுதியது:

நான் ஈழத்தமிழ். இஞ்ச டொரோண்டோவில புதுசா வந்த ஆக்களுக்கான ஆங்கில வகுப்பில தன்னார்வமா உதவி செய்யிறன். எங்கட வகுப்பில வயசான வியட்நாம் அம்மாமார் நாலு பேர். 1979, 80-இல கனடா எடுத்த அறுபதினாயிரம் அகதிகளில வந்த சொந்தக்காரர் பிறகு கூப்பிட்டு வந்தவை. அவையளோட கதைக்கேக்க நான் கண்டது வேற ஒரு விசயம்.

குணச்சொல்லுக்கு வயசு இருக்கு. ‘ங்வான்’ எண்டொரு சொல். பிள்ளை சொன்னதைக் கேட்டு நடந்தால் ‘ங்வான்’. பள்ளிப் பிள்ளையளுக்கு ‘சாவ் ங்வான் பாக் ஹோ’, ஹோ மாமாவின்ர (தலைவர் ஹோ சி மின்) நல்ல பிள்ளை எண்டு பட்டமே குடுக்கிறவை. அந்த அம்மா தன்ர மருமகளைப் பற்றி ‘ஷி இஸ் ஒபீடியண்ட்’ எண்டு சொல்ல, பக்கத்தில இருந்த கனடாக்காரி முகம் சுழிச்சதைப் பாக்கோணும். ஏதோ வேலைக்காரியை வச்சிருக்கிறா எண்ட மாதிரி. அந்த அம்மா சொன்னது அன்பு. எங்கட ‘சமத்து’ அது. ‘சமத்துக்குட்டி’ எண்டு கொஞ்சுறதை ஆங்கிலத்தில சொல்லேலுமே?

அதனால நான் அறுபது சொல்லையும் யாருக்குச் சொல்லலாம் எண்டு பிரிச்சுக் குடுப்பன். பிள்ளைக்கு, கூட வேலை செய்யிறவருக்கு, முதலாளிக்கு, நாய்க்கு. ‘ஒபீடியண்ட்’ நாய்ப் பெட்டிக்குள்ள போயிற்று.

சைகோன்_டீச்சர் எழுதியது:

அக்கா, நாய்ப் பெட்டியை அப்படியே திருடிக்கொள்கிறேன்.

‘ங்வான்’ என்றதும் ஞாபகம் வருகிறது. ங வரிசையில் சொல்லே இல்லையே, பிறகு எதற்கு ஙா, ஙி, ஙீ என்று எழுதவைத்தார்கள் என்று சின்ன வயதில் அழுதிருக்கிறேன். இந்த ஊருக்கு வந்து, தெருவில் பாதிப் பேரின் குடும்பப் பெயர் ‘ங்’கில் தொடங்குவதைப் பார்த்தபோதுதான் அந்த வரிசைக்குப் பலன் கிடைத்தது. கூட வேலை செய்யும் ஆங்கிலேயர் அந்தப் பெயரைச் சொல்ல மூச்சு வாங்குவார். எனக்குத் தானாக வரும்.

குழந்தைநல_மாணவி எழுதியது:

டீச்சர், வளர்ச்சிப் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். குழந்தை வளர்ச்சியில் முதுகலை படிக்கிறேன், ஒரு பருவம் ஹனோயில் களப்பணியில் இருந்தேன்.

பாடப்புத்தகங்களில் உளவியலாளர் பியாஜே சொன்ன, குழந்தையின் சிந்தனை வளர்கிற நான்கு கட்டங்களைப் போட்டு (இரண்டு வயது வரை, ஏழு வரை, பதினொன்று வரை, அதற்கு மேல்) வாயில் நுழையாத பெயர்களைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் மாணவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு: மூன்று மாதத்தில் புரளும், ஏழு மாதத்தில் தவழும், ஒன்பது மாதத்தில் தத்தித் தத்தி நடக்கும். கடைசி வரியில் வரும் சொல் ‘லோ யோ’, வடக்கே ‘லோ ஸோ’ என்பார்கள். நம் பழைய சொல்லில் தளர்நடை. ஆங்கிலத்தில் அந்த நடைக்கு ‘டாடில்’. அதிலிருந்துதான் ‘டாட்லர்’. இதைச் சொன்னால் அந்தச் சொல்லை யாராவது மறப்பார்களா?

அதேபோல ‘இன்ஃபன்ட்’ என்ற சொல் லத்தீனில் ‘பேசாதது’. ‘அடோலசென்ட்’, ‘அடல்ட்’ இரண்டும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை: முன்னது வளர்ந்துகொண்டிருப்பவர், பின்னது வளர்ந்து முடித்தவர். வளர்ந்து முடித்தவர் என்று யாரைச் சொல்வது என்பது வேறு விவாதம். உளவியலாளர் எரிக்சன் 1950-இல் முதுமை வரைக்கும் எட்டுக் கட்டம் போட்டார்.

முதல் பிறந்தநாளுக்கு அங்கே ‘தோய் நோய்’ என்று விழா. நான் முதலில் கேட்டபோது குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். ‘நோய்’ என்றால் தொட்டில். தொட்டிலை விட்டு இறங்குகிற நாள். தட்டில் கத்தரிக்கோல், பேனா, கண்ணாடி எல்லாம் வைத்துக் குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். எதை எடுக்கிறதோ அதுதான் எதிர்காலத் தொழில்.

குற்றியலுகரம் எழுதியது:

‘நோய்’ இன்னும் முடியவில்லை. உள்முகமான ஆளுக்கு ‘ஹுங் நோய்’ என்பார்கள். அங்கே ‘நோய்’ என்றால் ‘உள்ளே’. தொட்டிலும் உள்ளேயும் நம் காதுக்கு ஒன்றுதான், வேறுபாடு தொனியில். முன்னது சமமாகப் போகும், பின்னது கீழே விழுந்து அடைபடும். மொத்தம் ஆறு தொனி. இந்த ‘ஹுங் நோய்’ இப்போது இளைஞர்களிடம் பெரிய மோகம். பதினாறு வகை ஆளுமைச் சோதனையின் நான்கு எழுத்தைத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளாதவர் குறைவு. ‘ஐ ஆம் இன்ட்ரோவர்ட்’ என்று எல்லாரும் எழுதுவார்கள், ‘ஆன்’ போடமாட்டார்கள்.

அது கவனக்குறைவு இல்லை. வியட்நாமியத்தில் குணச்சொல்லே வினைபோல நிற்கும். ‘அவள் புத்திசாலி’ என்று நாம் சொல்வதுபோல நடுவில் ஒன்றுமே வேண்டாம். சொல்லும் உருமாறாது, ‘தன்னம்பிக்கை’க்கும் ‘தன்னம்பிக்கையுள்ள’வுக்கும் ஒரே வடிவம். அதனால்தான் ‘ஷி வெரி கான்ஃபிடென்ஸ்’. இதற்கு மட்டும் நெல்லை வாத்தியார் ஐயா சொல்கிற பயிற்சிதான் மருந்து. குணப்பெயரையும் குணத்தையும் ஜோடியாகவே சொல்லித்தரவேண்டும், ஒன்றைத் தனியாகக் கொடுக்கவே கூடாது.

உச்சரிப்பையும் விடாதீர்கள். வியட்நாமிய அசையில் ‘ஆய்’ வந்துவிட்டால் அதற்குப் பின்னால் இன்னொரு மெய்க்கு இடமில்லை. அதனால் வைஸ், வைஃப், ஒயிட் மூன்றும் ‘வாய்’. கைண்ட், மைண்ட் இரண்டுக்கும் வால் அறுந்துவிடும். ‘என் மனைவி அறிவாளி’ என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னது ‘மை வாய் வெரி வாய்’ என்று கேட்டது.

நெல்லை_வாத்தியார் எழுதியது:

தம்பி எனக்கு ஒரு மதிப்பெண் போட்டதற்கு நன்றி.

ஒன்று கேட்கிறேன். நீங்களெல்லாரும் சாது, ரோஷம், சமத்து என்று தமிழில் அழகாகப் பொருத்திக்காட்டுகிறீர்கள். டீச்சரம்மாவின் மாணவருக்குத் தமிழ் தெரியாதே? நமக்குப் புளகாங்கிதம், அவர்களுக்கு என்ன லாபம்?

சைகோன்_டீச்சர் எழுதியது:

சரியான கேள்வி ஐயா. அவர்களுக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. எனக்குத்தான் லாபம். தவறான வாக்கியத்தைப் பார்த்ததும் அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று ஊகிக்க முடிகிறது. ‘சின் சன்’ என்று ஒரு சொல், மெச்சூர் என்ற பொருளில். ‘சின்’ என்றால் பழுத்தது, சோறு வெந்தது. எனக்கு அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. ‘பக்குவம்’ என்று உள்ளே ஒரு மணி அடித்துவிட்டது. நமக்கும் சோறும் பழமும் மனுஷனும் ஒரே சொல்லில் அல்லவா பக்குவமாகிறார்கள்? ஒருவன் இன்னும் பக்குவப்படவில்லை என்பதற்கு மாணவர் ‘ஹி இஸ் நாட் குக்ட்’ என்று எழுதினால் நான் சிரிக்கமாட்டேன்.

(சரி, கொஞ்சம் சிரித்தேன்.)

ஆனால் அதே துணிவில் எல்லாவற்றையும் தமிழோடு பொருத்தினால் சறுக்கும். ‘தலைக்கனம்’ மாதிரி என்று நினைத்து ‘கடினத் தலை’ என்ற அவர்கள் சொல்லைக் கர்வம் என்று திருத்திவிட்டேன். அது பிடிவாதம். மாணவியே என்னைத் திருத்தினார்.

முந்திரிக்கொட்டை எழுதியது:

உடம்புச் சொற்கள் பற்றி நானும் ஒன்று போடுகிறேன், சந்தையில் பொறுக்கியது. அங்கே நல்லவனுக்கு ‘தோத் பூங்’, நல்ல வயிறு. நமக்கு நல்லது கெட்டது எல்லாம் மனசில், அவர்களுக்கு வயிற்றில். தைரியம் ஈரலில் இருக்கிறது. பயந்தாங்கொள்ளிக்கு ஈரல் கூச்சம். வெளியே பக்தி, உள்ளே வஞ்சகம் உள்ளவனுக்கு ஒரு பழமொழி: வாயில் நமோ, வயிற்றில் ஒரு கூடை குத்துவாள். அந்த ‘நமோ’ நம்ம நமோவேதான், பௌத்தத்தோடு போனது. இதைக் கேட்டபோது என் கூட்டாளி ஒருவன் ஞாபகம் வந்தது, பெயர் வேண்டாம்.

ஆண்கள் பற்றி இன்னொன்று. ‘கா லங்’ என்று ஒரு சொல். பெண்களுக்குக் கதவு திறந்துவிடுகிறவன், பில்லைத் தானே கட்டுகிறவன். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சொல். நம்ம வியாபாரக் கூட்டத்தில் ஒருவரை ‘வெரி கேலண்ட்’ என்று பாராட்டினார்கள். அவர் ஏதோ போரில் பதக்கம் வாங்கியவர் போலிருக்கிறது என்று நான் மரியாதையாக எழுந்து நின்றேன்.

குழந்தைநல_மாணவி எழுதியது:

சிந்தனைப் பகுதிக்கு வருவோமா? எனக்கு இதுதான் பெரிய தலைவலியாக இருந்தது.

‘க்ரிட்டிகல் திங்க்கிங்’ என்பதற்கு அங்கே அதிகம் புழங்குகிற மொழிபெயர்ப்பு ‘து யுயி ஃபான் பியென்’. ‘ஃபான்’ என்றால் எதிர், ‘பியென்’ என்றால் வாதம். ஆய்வேட்டைச் சோதிக்க உட்காருகிற பேராசிரியருக்கும் அதே சொல்தான். அதனால் மாணவர்களின் மனதில் க்ரிட்டிகல் திங்க்கிங் என்றால் எதிராளியை மடக்குவது. ஒரு கட்டுரையைக் கொடுத்தால் மறுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். மூத்தவரை, ஆசிரியரை மறுப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த பிள்ளைகள் வாயே திறக்கமாட்டார்கள். இரண்டுமே அந்தச் சொல் செய்கிற வேலை.

டீச்சர், இதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எடை குறைக்கும் தேநீர் விளம்பரம் ஒன்றைக் கொடுத்து, யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேளுங்கள். பிறகு அதற்குப் பெயர் வையுங்கள்.

நெல்லை_வாத்தியார் எழுதியது:

இதில் உடன்படுகிறேன். நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறது? ‘விமர்சனம்’ என்றாலே குறை சொல்வது என்று ஆகிவிட்டது. விமர்சனச் சிந்தனை என்று கரும்பலகையில் எழுதினால் பையன்கள் தலைமை ஆசிரியரைத் திட்டலாமா சார் என்று கேட்பார்கள்.

ஆனால் மாணவி, ‘க்ரோத் மைண்ட்செட்’ (திறமை பிறவியோடு நின்றுவிடாது, முயன்றால் வளரும் என்கிற மனப்பாங்கு) என்று ஒன்று 2006-இல் உளவியலாளர் ட்வெக் அம்மையார் புத்தகம் எழுதியதிலிருந்து எல்லாப் பயிற்சியிலும் ஓட்டுகிறார்களே, அதையும் அறுபதில் சேர்த்திருக்கிறார்களா? அதற்கு எந்த விளம்பரத்தைக் கொடுப்பீர்கள்?

குழந்தைநல_மாணவி எழுதியது:

விளம்பரம் வேண்டாம் ஐயா, பழமொழி போதும். அவர்களிடமே இரண்டு இருக்கிறது. ஒன்று: ‘பிள்ளையைப் பெற்றது தாய் தகப்பன், குணத்தைப் பெற்றது வானம்.’ இன்னொன்று: ‘சிறிதில் வளைக்காவிட்டால், பெரிதானபின் கிளை முறியும்.’ பின்னது அப்படியே நம் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பழமொழியைக் காக்கச் சொல்லுங்கள். ஃபிக்ஸ்ட் (மாறாதது), க்ரோத் (வளர்வது) என்ற சொற்கள் தேவைப்படும்போது அவர்களே கேட்பார்கள்.

நான் செய்தபோது ஒரு பெண் எழுந்து, இரண்டாவது பழமொழியும் ஃபிக்ஸ்ட்தானே என்றாள். வளைக்கும் காலம் தாண்டிவிட்டால் முறியும் என்றுதானே சொல்கிறது? முப்பத்தைந்து வயதில் ஆங்கிலம் படிக்க வந்த நான் முறியவேண்டியவளா? எனக்குப் பதில் தெரியவில்லை.

ஸ்கார்பரோ_அக்கா எழுதியது:

அந்தப் பிள்ளைக்குத்தான் க்ரிட்டிகல் திங்க்கிங் வந்திட்டுதே!

சைகோன்_டீச்சர் எழுதியது:

எட்டு நாள் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

அறுபது சொல்லையும் மூடி வைத்தேன். ‘உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குணத்தைச் சொல்லாதீர்கள். அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லுங்கள்’ என்றேன். மூத்த நர்ஸ், தன் மாமியாரைப் பற்றிச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் இவரைத் தண்ணீரில் கைவைக்க விடவில்லை. பன்றிக்கால் பப்பாளிக்காய் சூப் தினமும். இவருக்கு அந்த வாடையே ஆகாது. வேண்டாம் என்று சொன்னால் மாமியார் கோபிக்கமாட்டார், வாதாடமாட்டார். கிண்ணத்தை எடுத்துப்போய்ச் சுடவைத்துக்கொண்டு திரும்ப வருவார். நான்கு தடவை, ஐந்து தடவை.

இதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார், எல்லாருக்கும் புரிந்தது. பிறகு பட்டியலைத் திறந்து, இந்த மாமியாருக்கு எந்தச் சொல் என்று கேட்டேன். முதலில் ‘கைண்ட்’ என்றார்கள். போதாது என்று அவர்களே சொன்னார்கள். ‘ஜென்டில்’ என்றார் ஒருவர், ‘ஸ்டபர்ன்’ என்றார் இன்னொருவர். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்கு வரும் என்று சண்டை. கணக்கர்தான் தீர்த்துவைத்தார்: “ஜென்டிலி ஸ்டபர்ன்.” இது பட்டியலில் இல்லை. நர்ஸ் அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

‘கான்ஷியஸ்’, ‘கான்ஷியன்ஸ்’, ‘கான்ஷியன்ஷியஸ்’ மூன்றையும் நர்சுகளே பிரித்தார்கள். நோயாளி கண் திறந்தால் முதலாவது. மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு இரவு தூக்கம் வராவிட்டால் இரண்டாவது. மாற்றிக் கொடுக்காமல் மூன்று தடவை சரிபார்த்தால் மூன்றாவது. நான் வாயே திறக்கவில்லை.

எல்லாம் வெற்றி என்று சொல்லவில்லை. ‘கான்ஃபிடென்ஸ்’ இன்னும் போகவில்லை. அதற்கு நெல்லை ஐயாவின் பத்துத் தடவைதான், நேற்று எழுதவைத்தேன். மருந்துக்கடைக் கணவருக்கு ‘கன்சிடரேட்’ கொடுத்தேன். வீட்டில் போய்ச் சொன்னாராம். அவருக்கு அந்தச் சொல் தெரியாது, ‘சைக்கலாஜிக்கல்’தான் புரிந்தது, அதுவே நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டாராம்.

முந்திரிக்கொட்டை எழுதியது:

டீச்சர், போகிறபோது ஒரு கேள்வி. என் பெயரை அவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்? முந்திரியில் பழத்துக்கு வெளியே கொட்டை முந்திக்கொண்டு நிற்பதுபோல, எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து மூக்கை நீட்டுகிற ஆள். முந்திரி ஊர்க்காரர்களிடம் கேட்டுப்பார்த்தேன், கொட்டை வெளியே இருப்பது அவர்களுக்குத் தெரியும், திட்டத்தான் தெரியவில்லை.

சைகோன்_டீச்சர் எழுதியது:

வகுப்பில் கேட்டேன். கொட்டை இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார்: ‘விளக்கைப் பிடித்துக்கொண்டு மோட்டார் காருக்கு முன்னால் ஓடுகிறவன்.’ ஆங்கிலத்தில் ‘ஜம்ப் தி கன்’ என்று ஒன்று உண்டு என்றேன். துப்பாக்கி எதற்கு என்று யாருக்கும் பிடிக்கவில்லை, விளக்கையே வைத்துக்கொண்டார்கள்.

நேற்று நான் கேள்வியை முடிப்பதற்குள் ஓட்டல் பையன் கையைத் தூக்கிவிட்டான். மூத்த நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஹே லேம்ப்,” என்றார், “தி கார் இஸ் ஸ்டில் பார்க்ட்.”